வெளியே தொங்கிய பூட்டு

மெலூர் கோர்ட் அடுக்கு வீட்டின் முன்வாசலை மலை வந்து மூடியபோது மணி சரியாகப் பத்து பன்னிரண்டு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் ஷஃபீக். கட்டடத்துக்குள் நுழைந்ததிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்து அறிவித்துக்கொண்டே இருந்தான்.

“பதினஞ்சு நிமிஷம்தான் பெர்மிஷன் அக்கா. பன்னெண்டு ஆயிருச்சு. இன்னும் மூணு நிமிஷத்துல நாம சட்டவிரோதமான ஆளுங்க.”

டோரதி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து லாரியில் கல் கொட்டுவதைப் போல ஒரு சத்தம் கேட்டது. தரை ஒரு தடவை உலுக்கி நின்றது. அலுவலக அறையின் கண்ணாடிக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்துச் சுவர் மெதுவாகச் சாய்ந்து முன்வாசல் இரும்புக் கதவின் மேல் விழுந்தது. சுவருக்குப் பின்னாலேயே, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு செம்மண் சேறு வந்தது. அரை நிமிடத்தில் வாசல் இருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை.

“இப்ப பெர்மிஷன் பிரச்சினை இல்ல” என்றான் ஷஃபீக்.

இந்த இடத்தில் நடந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் மலையடிவாரத்தில் நிற்கும் எட்டு மாடி அடுக்கு வீடு மெலூர் கோர்ட். மூன்று நாள் அடைமழையில் பின்பக்கத்துச் சரிவில் விரிசல் விழுந்ததால், நேற்று மாலை ஐந்து மணிக்கு மாநகர் மன்றம் எல்லாரையும் வெளியேற்றியது. குடியிருந்தவர்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மண்டபத்தில் திறந்த துயர் துடைப்பு மையத்துக்குப் போனார்கள். ஒருவர் மட்டும் அங்கே வந்து சேரவில்லை. வில்லியம், எழுபத்து மூன்று வயது, ஓய்வு பெற்ற துறைமுக கிளார்க். போன வருடம் வந்த பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போய்விட்டன. காது அதற்கு முன்பே மந்தம்.

அவருடைய மகள் சாண்ட்ரா, பாலத்துக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸில் ஆசிரியை. காலை ஒன்பது மணிக்கு மையத்தின் வாசலில் டோரதியின் கையைப் பிடித்துக்கொண்டு, “டாடியக் கண்டுபிடிச்சிக் குடுங்க ஆன்ட்டி” என்றாள். வீடு வீடாகச் சரிபார்த்த பட்டியலில் அவர்கள் வீட்டுக்கு நேரே ‘காலி’ என்று எழுதியிருந்தது.

டோரதிக்கு அறுபத்தொரு வயது. மாநகர் மன்றத்தின் கட்டடப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கப் பிடிக்காமல், காம்பெல் ஸ்ட்ரீட்டில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். உடன் இருப்பது ஷஃபீக், முப்பத்தாறு வயது. அவனுக்கு டோரதி சம்பளம் கொடுப்பது கார் ஓட்டுவதற்கு. வாய் இலவசம்.

மீட்புப் பணியின் பொறுப்பதிகாரி ரோஹானா ஒரு காலத்தில் டோரதியின் கீழ் வேலை கற்றவள். அதனால்தான் இந்தப் பதினைந்து நிமிடம் கிடைத்தது. அடுக்கு வீட்டின் மேலாளர் அஸ்லான் கேஸ் குழாயை அடைக்க உள்ளே போகிறார். அவரோடு போய், அலுவலகத்திலிருக்கும் காவலாளியின் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். மாடி ஏறக் கூடாது.

புத்தகத்தைப் பார்த்தாகிவிட்டது. மூன்று வாரமாக வில்லியம் வெளியே போனதாக ஒரு வரி கூட இல்லை.

“அந்தப் புக்க நம்பாதீங்க மேடம்” என்றார் அஸ்லான். தடித்த உடம்பு, நெற்றியெல்லாம் வியர்வை. “காவலுக்கு இருக்கிற ஜாகா பாதி நேரம் தூங்குவான்.”

டோரதியின் கைபேசி அடித்தது. ரோஹானா.

“அக்கா, மூணு பேருக்கும் அடி இல்லையே?”

“இல்லம்மா. வாசல் போச்சு.”

“பாத்தேன். பின்வாசல் நேத்தே மண்ணுக்குள்ள. கீழ நிக்காதீங்க, ரெண்டாவது மாடி காரிடாருக்கு ஏறிடுங்க. பொம்பாவோட தீயணைப்பு ஏணி வண்டி பத்து நாப்பதுக்கு வரும். ரோட்டுலயும் விரிசல் இருக்கு, வண்டி பத்து நிமிஷத்துக்கு மேல நிக்காது. சரியா பத்து நாப்பதுக்கு மூணு பேரும் அங்க இருக்கணும். இது ஆர்டர் அக்கா, ரிக்வெஸ்ட் இல்ல.”

“நல்லா ஆர்டர் போடக் கத்துக்கிட்ட” என்று சொல்லி டோரதி படியைப் பார்த்து நடந்தாள்.

மின்சாரம் இல்லை. மாடிப்படி கிணறு மாதிரி இருட்டாக இருந்தது. ஷஃபீக் கைபேசி விளக்கைப் பிடித்தான். இரண்டாவது மாடி வந்தது. அஸ்லான் நின்றார். டோரதி நிற்கவில்லை.

“அக்கா, ரெண்டு இதுதான்” என்றான் ஷஃபீக்.

“தெரியும். எனக்கும் எண்ணத் தெரியும். இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. வில்லியம் வீட்டுக் கதவ ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்.”

“மேடம், ஆர்டர்லா...” என்று அஸ்லான் இழுத்தார். ஆனால் விளக்கு ஷஃபீக்கின் கையில் இருந்தது. இருட்டில் தனியாக நிற்க அவருக்கும் மனமில்லை.

மூன்றாவது மாடி போயிற்று. அடுத்த மாடியின் சுவரில் விளக்கு பட்டதும் ஷஃபீக் அப்படியே நின்றுவிட்டான். அவன் முகத்தில் பரவிய சந்தோஷத்தைப் பார்த்தால், மலை சரிந்ததையே மறந்துவிட்டான் என்று தோன்றும்.

சுவரில் எழுதியிருந்தது: 3A.

படியில் இன்னும் அரைச்சுற்று ஏறி விளக்கைத் தூக்கிப் பிடித்தான். மேல்மாடியில் எழுதியிருந்தது: 5.

“அண்ணே” என்றான் அஸ்லானிடம், வெண்ணெய் தடவிய குரலில். “இந்தக் கட்டடத்துல நாலாவது மாடி எங்க?”

“கிடையாது. நாலு ராசியில்லன்னு கட்டுனவர் 3A-ன்னு போட்டுட்டார். பினாங்குல பாதி அப்பார்ட்மென்ட் அப்படித்தான்.”

“அப்படியா.” ஷஃபீக் தன் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்த பட்டியலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினான். “அப்ப நேத்து நீங்க கையெழுத்துப் போட்ட லிஸ்ட்ல 4-1 காலி, 4-2 காலி, 4-3 காலின்னு இருக்கே. இல்லாத மாடியில எந்தக் கதவத் தட்டுனீங்க? கீழ ஆபீஸ்ல உக்காந்து கோப்பி குடிச்சிக்கிட்டே டிக் அடிச்சீங்க, அதானே?”

அஸ்லான் முதலில் வெளுத்தார். அப்புறம் சிவந்தார். “இந்த முட்டி வலியோட எட்டு மாடி ஏறி எறங்குனவன் நான். அந்த ஃபார்ம் நான் அடிச்சது இல்ல தம்பி. மன்றத்துல இருந்து பிரிண்ட் பண்ணிக் கொண்டாந்து குடுத்தாங்க. அதுல நாலுன்னுதான் இருந்துச்சு. நான் என்ன, அழிச்சா எழுத முடியும்?”

“அக்கா, நல்லா சமாளிக்கிறாரு பாருங்க.”

“சமாளிக்கல” என்றாள் டோரதி. “வீட்டு வரி ரெஜிஸ்டர்ல நாலு, நாலுதான். ராசியெல்லாம் அதுக்குக் கிடையாது. இந்தக் கட்டடத்துக்கு அந்த ரெஜிஸ்டர டைப் பண்ணவளே நான்தான்.”

ஷஃபீக் கைபேசியை மெதுவாகப் பாக்கெட்டில் வைத்தான்.

“இத மூணு மாடிக்குக் கீழயே சொல்லியிருக்கலாம்.”

“நீ கேக்கல.”

நீளமான திறந்த நடைபாதையின் ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் இடுப்பளவுச் சுவர். சுவருக்கு அப்பால் மழை. கீழே வெகு தூரத்தில் சிவப்பு நாடாவும் மஞ்சள் சட்டைகளும் தெரிந்தன. டோரதி ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எல்லாக் கதவிலும் வெள்ளைச் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி. தட்டிப் பார்த்தாகிவிட்டது என்பதற்கு ரோஹானா சொல்லிக் கொடுத்த அடையாளம் அது. வில்லியத்தின் வீடான 3A-2 கதவிலும் அந்தக் குறி இருந்தது. அஸ்லான் வந்துதான் போயிருக்கிறார்.

“தட்டுனீங்களா?”

“மூணு தடவ தட்டுனேன். சத்தமே இல்ல. அதுவும் போக...” அவர் விரலால் காட்டினார். “பூட்டு வெளிய தொங்குச்சு மேடம். இப்பவும் தொங்குது பாருங்க.”

இதை விளக்கத் தேவையில்லை என்பது போல அவர் சொன்னார். அவரைப் பொறுத்தவரை தேவையில்லைதான். இந்த ஊர் அடுக்கு வீடுகளில் மரக்கதவுக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு இருக்கும். வீட்டில் ஆள் இருந்தால் பூட்டு கம்பிக்கு உட்பக்கம் தொங்கும், சாவி உள்ளே ஆணியில் மாட்டியிருக்கும். வெளியே போனால் அதே பூட்டு வெளிப்பக்கம் வந்துவிடும். தபால்காரரிலிருந்து பால்காரர் வரை பூட்டைப் பார்த்தே ஆள் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்துவிட்டுப் போவார்கள். அஸ்லானும் பதினோரு வருடமாக அப்படித்தான் முடிவு செய்துவந்தார். இதுவரை ஒரு தடவை கூடத் தப்பியதில்லை.

டோரதி கம்பிக்குள் கையை விட்டு மரக்கதவை ஓங்கித் தட்டினாள். ஷஃபீக் காலால் கம்பியை உதைத்தான். நடைபாதை முழுக்க எதிரொலித்தது. உள்ளிருந்து ஒரு பதிலும் இல்லை.

“பத்து இருபத்தி நாலு” என்றான் ஷஃபீக்.

அப்போது இரண்டாவது தடவையாக மலை அசைந்தது. முதல் தடவை மாதிரிச் சத்தமில்லை. கட்டடத்தின் அடியிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. 3A-3 வீட்டுக்கும் 3A-2 வீட்டுக்கும் நடுவே சுவரில், மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடியது. ஷஃபீக் அந்தக் கோட்டில் விரலை வைத்தான். விரல் நகம் உள்ளே போயிற்று.

“மேடம், கீழ போவோம்” என்றார் அஸ்லான். அவருக்கு அழுகை வரும் போலிருந்தது. “எனக்கு மூணு பிள்ளைங்க. உள்ள யாரும் இல்ல. வெளிய பூட்டிட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான்.”

“அண்ணே சொல்றதுல ஞாயம் இருக்கு அக்கா. மனுஷன் எப்படி உள்ள இருந்துக்கிட்டு வெளிய பூட்டுவாரு?”

டோரதி அந்தப் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். புதுப் பூட்டு. பித்தளையின் மினுமினுப்பு இன்னும் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பயத்தினால் என்று ஷஃபீக் நினைத்தான். கொஞ்சம் பயமும் இருந்தது. இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் கட்டடங்களுக்கு ஆபத்துக் கடிதம் டைப் செய்தவள், அந்த மாதிரி ஒரு கட்டடத்துக்குள் இப்போது தானே நின்றுகொண்டிருந்தாள்.

“ஷஃபீக். காலையில அந்தப் பொண்ணு கையில என்ன வச்சிருந்துச்சு?”

“சாவிக்கொத்து. கிலுக்கு கிலுக்குன்னு ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. எனக்குத் தலவலியே வந்துருச்சு.”

“அதுல சின்னச் சாவி எத்தன?”

ஷஃபீக்குக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஞாபகம் நன்றாக நிற்கும். “மூணு. ஒரே மாதிரி. கடையில வாங்குறப்ப கட்டியிருக்கிற அந்த மெல்லிசுக் கம்பி கூட அவிழ்க்கல.”

“பூட்டு வாங்குனா எத்தன சாவி குடுப்பான்?”

“மூணு.” சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முதல் தடவையாக அவனிடம் சொல்வதற்கு வேடிக்கையாக எதுவும் இல்லை.

“மூணு சாவியும் மக கையில” என்றாள் டோரதி. “அப்ப இந்த வீட்டுக்குள்ள ஆணியில என்ன தொங்குது? ஒண்ணும் இல்ல. அந்த மனுஷன் கையில இந்தப் பூட்டோட சாவி என்னைக்குமே இருந்தது இல்ல. இன்னொண்ணு. காலையில அந்தப் பொண்ணு அரை மணி நேரம் பேசுச்சு. அப்பா எங்க போயிருப்பாருன்னு ஒரு தடவ கூட கேக்கல. எப்ப திறப்பாங்க, எப்ப திறப்பாங்கன்னுதான் கேட்டுச்சு.”

கைபேசியை எடுத்து ரோஹானாவை அழைத்தாள். “ரோஹானா, நாங்க 3A-ல இருக்கோம்.”

“அக்கா, நான் என்ன சொன்னேன்?”

“அப்புறம் திட்டு. வில்லியம் உள்ள இருக்காருன்னு நெனைக்கிறேன். எனக்கு நேரம் வேணும்.”

“நெனச்சா போதாது அக்கா. உள்ள ஆள் இருக்குன்னு உறுதியா சொல்லுங்க, எந்தக் கதவையும் உடைக்க எனக்கு அதிகாரம் இருக்கு, வண்டிய நிறுத்தி வைக்கவும் இருக்கு. ஆனா லிஸ்ட்ல காலின்னு இருக்கு. ஒரு சந்தேகத்துக்காக ஒன்பது பொம்பா ஆளுங்கள விரிசல் மேல நிக்க வைக்க முடியாது. அவங்களுக்கும் நான்தான் பொறுப்பு.”

“சாண்ட்ரா பக்கத்துல இருக்காளா?”

“இங்கதான் நிக்கிறாங்க.”

“ஸ்பீக்கர்ல போடு. நீயும் கேட்டுக்க.”

மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு மூச்சுக் காற்று கேட்டது. டோரதி குரலை உயர்த்தவில்லை.

“சாண்ட்ரா, நான் உங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன். சுவரு விட்டுப் போச்சு. பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ, எவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்குத் தெரியாது. உள்ள யாரும் இல்லன்னா நாங்க மூணு பேரும் எறங்கிப் போயிருவோம். இருந்தா எறங்க மாட்டோம். நீ ஒரு வார்த்த சொல்லணும்.”

போனில் சாவிக்கொத்து கிலுங்கும் சத்தம் மட்டும் வந்தது.

“அந்த மூணு சாவியும் உன்கிட்டதான இருக்கு?”

“நான்தான் பூட்டுனேன்.”

குரல் மிகச் சிறியதாக இருந்தது. அஸ்லான் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து காலையில பதினொரு மணிக்கு மத்தியான ஸ்கூலுக்குப் போறப்ப பூட்டுனேன் ஆன்ட்டி. தெனமும் பூட்டிட்டுத்தான் போறேன். இல்லன்னா அவர் பாட்டுக்கு எறங்கிப் போயிருவாரு. மார்ச்சுல வெல்ட் கீ வரைக்கும் நடந்து போயி, பழைய துறைமுகத்துல வேலைக்கு நிக்கிறாரு. போலீஸ் கூட்டிக்கிட்டு வந்தாங்க. வெல்ஃபேர் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வந்து, இவர வச்சிப் பூட்டுறது தெரிஞ்சா முதியோர் ஹோமுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவோம்னு சொன்னாங்க. நேத்து ரோடெல்லாம் தண்ணி, என்னால பாலம் தாண்ட முடியல. ராத்திரி செண்டருக்கு போன் பண்ணி, டாடி வீட்டுலதான் இருக்காருன்னு சொல்லலாம்னு வீட்டு நம்பரச் சொன்னேன். அது காலின்னு லிஸ்ட்ல இருக்கே, வெளிய பூட்டியிருக்காமே, யார் பூட்டுனதுன்னு கேட்டாங்க. நான் போன வச்சிட்டேன். காலையில நானே போயி திறந்துருவேன், யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். அவரோட காது மிஷின் கூட என் பேக்குலதான் இருக்கு. பேட்டரி மாத்தலாம்னு எடுத்துட்டுப் போனேன். நீங்க எவ்வளவு தட்டுனாலும் அவருக்குக் கேக்காது ஆன்ட்டி. உடைங்க. தயவு செஞ்சி உடைங்க.”

ரோஹானாவின் குரல் வந்தது. அதில் தயக்கமே இல்லை. “அஸ்லான் அண்ணே, கேக்குதா? 3A-2, கம்பிக் கதவும் மரக்கதவும் உடைங்க. இது என் உத்தரவு. வண்டி பதினொரு மணி வரைக்கும் நிக்கும், அதுக்கு நான் பொறுப்பு. பதினொன்னுக்கு மேல நிக்காதுக்கா, அத மட்டும் ஞாபகம் வச்சிக்குங்க.”

நடைபாதையில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையை அஸ்லான் கழற்றிவந்தார். முட்டி வலியையும் மூன்று பிள்ளைகளையும் அந்த நேரத்தில் அவர் மறந்திருக்க வேண்டும். நாலாவது அடியில் பூட்டு தெறித்தது. மரக்கதவு மூன்று நாள் மழையில் ஊறி உப்பிப்போய் நிலையோடு ஒட்டியிருந்தது. ஒரு கை விளங்காதவரால் அதை உள்ளிருந்து இழுத்துத் திறந்திருக்கவே முடியாது. ஷஃபீக்கும் அஸ்லானும் தோளைக் கொடுத்து முட்டினார்கள்.

கதவுக்கு மிகப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதில் உட்கார்ந்திருந்தார் வில்லியம். கதவு திறந்த வேகத்தில் முட்டியில் இடித்த பிறகுதான், விடிய விடிய விழித்திருந்து உட்கார்ந்தபடியே அசந்துபோயிருந்தவர் கண் திறந்தார்.

வெள்ளைச் சட்டை, கால்சட்டை, சாக்ஸ் போட்டு ஷூ. மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பயணத்துக்குத் தயாராக, எத்தனை மணி நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. வீட்டுக்குள்ளே பின்னறையின் ஜன்னலை மண் பாதி மூடியிருந்தது. டோரதியைப் பார்த்ததும் அவர் இடது கையால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அப்புறம்தான் உதடு நடுங்க ஆரம்பித்தது.

“அங்கிள், இன்னைக்கு டாக்சி இலவசம்” என்று சொல்லி ஷஃபீக் குனிந்து முதுகைக் காட்டினான். அவருக்குக் கேட்காது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னான். சொல்லாவிட்டால் அவனும் அழுதிருப்பான்.

இருட்டில் படி இறங்குவதற்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. அஸ்லான் முன்னால் விளக்கைப் பிடித்தார். டோரதி பின்னால் வில்லியத்தின் முதுகில் கையை வைத்தபடி வந்தாள். இரண்டாவது மாடி நடைபாதையின் சுவரில் ஏணி ஏற்கெனவே சாய்ந்திருந்தது. முதலில் வில்லியம் இறங்கினார், அப்புறம் அஸ்லான். ஷஃபீக் தனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது என்று பொம்பாக்காரரிடம் மலாயில் விளக்கிக்கொண்டிருந்தபோது, டோரதி அவனைப் பிடித்து ஏணியில் தள்ளினாள். கடைசியாக அவள் தரையைத் தொட்டபோது மணி பத்து ஐம்பத்தெட்டு.

பதினொன்று இருபதுக்கு மலை மூன்றாவது தடவை வந்தது. இந்தத் தடவை சத்தம் மண்டபம் வரை கேட்டது. 3A வரைக்கும் எல்லா வீடுகளும் நடைபாதையோடு சேர்ந்து மண்ணுக்குள் போயின.

வில்லியத்துக்கு இனிப்புத் தேநீர் கொடுத்து, போர்வை போர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். சாண்ட்ரா நாலடி தள்ளி நின்றாள். பக்கத்தில் போகும் தைரியம் அவளுக்கு வரவில்லை. ரோஹானா நனைந்த மேல்சட்டையோடு வந்து, அறிக்கைக்கான காகிதத்தைப் பலகையில் மாட்டினாள்.

“எழுதித்தான் ஆகணும் சாண்ட்ரா. வீட்டுக்குள்ள ஒரு ஆளு எப்படி விடுபட்டாருன்னு நாளைக்கு என்னக் கேப்பாங்க. யார் பூட்டுனதுன்னு போடணும்.”

வில்லியம் ரோஹானாவின் காகிதத்தைப் பார்த்தார், சட்டையிலிருந்த பட்டையைப் பார்த்தார். நாற்பது வருடம் அரசாங்கக் காகிதங்களோடு இருந்தவர். நடப்பது என்னவென்று காது கேட்காமலே புரிந்துகொண்டார். பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து, நாட்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாளை எடுத்து ரோஹானாவிடம் நீட்டினார். இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. ரோஹானாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. டோரதியிடம் கொடுத்தாள். டோரதி மெதுவாகப் படித்தாள்.

“மாலை 5.20. கதவு அதிர்ந்தது. போய்ச் சேருவதற்குள் நின்றுவிட்டது. இனிமேல் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன். இரவு 8.00. விளக்கு இல்லை. இரவு 1.00. பின் ஜன்னலில் மண். காலை 6.30. உடை மாற்றிக்கொண்டேன். அதிகாரி அவர்களுக்கு. இந்தக் கதவைப் பூட்டியது நான். சாவியை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன். என் மகளுக்கு இது தெரியாது. அவளை ஒன்றும் கேட்க வேண்டாம். இப்படிக்கு, வில்லியம், ஓய்வு பெற்ற கிளார்க்.”

டோரதி எத்தனையோ பொய்களைப் பிடித்தவள். இவ்வளவு மோசமாகச் சொன்ன பொய்யை அவள் பார்த்ததில்லை. உள்ளே இருந்தவர் வெளியே தொங்கிய பூட்டைப் பூட்டினாராம்.

“அக்கா” என்றாள் ரோஹானா. “இத நான் ரிப்போர்ட்டோட சேத்து வைக்கலாம். உடைஞ்ச பூட்டு இப்ப மண்ணுக்குள்ள இருக்கு. எந்தப் பக்கம் தொங்குச்சுன்னு இனிமே யாரும் வந்து பாக்க முடியாது.” அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

அஸ்லான் தரையைப் பார்த்தார். ஷஃபீக் கூரையைப் பார்த்தான். டோரதி சாண்ட்ராவைப் பார்த்தாள்.

சாண்ட்ரா அந்த நாலடியையும் நடந்து வந்தாள். தாளை வாங்கி ஒரு தடவை படித்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, புதுப் பேட்டரி போட்டிருந்த காது மிஷினை எடுத்து, அப்பாவின் காதில் பொருத்தினாள். இரண்டு தடவை நழுவியது.

“நான் போன்ல சொன்னதே எழுதுங்க மேடம்” என்றாள். அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள். “நான்தான் பூட்டுனேன். வெல்ஃபேருக்கும் நானே போன் பண்ணிச் சொல்றேன்.”

வில்லியம் வேகமாகத் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை என்று கையை அசைத்தார். சாண்ட்ரா தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவிக்கொத்தை எடுத்தாள். மூன்று சின்னச் சாவிகளையும் கட்டியிருந்த மெல்லிய கம்பியை நகத்தால் பிரித்தாள். வாங்கிய நாளிலிருந்து அவிழ்க்காத கம்பி என்பதால் பிரிய நேரமாயிற்று. ஒரு சாவியை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

ஷஃபீக் வாயைத் திறந்தான். பூட்டு உடைந்துவிட்டது, இந்தச் சாவியால் இனி எதையும் திறக்க முடியாது என்றுதான் சொல்ல வந்தான். டோரதி திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே வாயை மூடிக்கொண்டான்.

வில்லியம் கையைத் திறந்து சாவியைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.